பலகைக்கு இடப்பக்கம் இருபது அங்குலம்

மடிப்பக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரும் சிரிக்காமல் பதில் சொல்லமாட்டார்கள். நாலு மூலையும் ஒன்றாகச் சேராத படுக்கை விரிப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள். "இதுக்குப் பேரு மடிப்பாம்மா? சுருட்டி வச்சிருக்கீங்க!" என்று ஒரு சத்தம். அப்புறம் உதறு, விரி, மூலையோடு மூலை வை, உள்ளங்கையால் ஒரு தேய். வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் அவளைத் திட்டுவார்கள். இரண்டாவது வாரம் தங்கள் வீட்டுப் போர்வையையும் அப்படியே மடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சின்ன வயதில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் இஸ்திரிப்பெட்டியோடு நின்றவள் அவள். அந்த லாட்ஜில் வெந்நீர் பாய்லர் அடிக்கடி மக்கர் செய்யும். அதைப் பார்க்க வந்த மெக்கானிக், பாய்லரைப் பார்த்த நேரத்தைவிட இவளைப் பார்த்த நேரம்தான் அதிகம். பாய்லர் அதற்குப் பிறகு வாரா வாரம் கெட்டுப்போனது. மேனேஜருக்குச் சந்தேகம் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. இருவருமாக ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, யாரோ கழித்துக்கட்டிய சலவை மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். அவர் அதைப் பிரித்துச் சேர்த்து உயிர் கொடுத்தார். அவள் லாட்ஜ் லாட்ஜாகப் போய்த் துணி கேட்டாள். வருஷங்கள் ஓடி, ஒரு மெஷின் மூன்றானது. இஸ்திரி மேசையில் கணவரின் தங்கை நின்றாள். அவளையும் சேர்த்து வேலைக்கு ஐந்து பெண்கள். லாண்டரியை யாராவது "உங்க வீட்டுக்காரர் கடை" என்று சொல்லிவிட்டால் மடிப்பக்காவுக்கு மூக்கு சிவந்துவிடும். "எங்க கடை" என்று திருத்துவாள். மனசுக்குள் "என் கடை" என்று இன்னொரு முறை திருத்திக்கொள்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, கடை நன்றாகத்தான் ஓடியது. தினம் நானூறு கிலோ துணி, கிலோவுக்குப் பதினாறு ரூபாய் வரவு. கையைக் கடிக்காமல் வீடு நடந்தது. பிறகு, துணி கொடுத்துவந்த பெரிய லாட்ஜ் ஒன்றை இடித்துக் கட்டுவதற்காகப் பூட்டினார்கள். ஒரே நாளில் நூறு கிலோ போய்விட்டது. மிச்சம் முந்நூறு கிலோவை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தள்ளினார்கள். தினமும் முந்நூறு ரூபாய் நஷ்டம். மெஷின்கள் பாதி நாள் சும்மா நின்றன. பெண்கள் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள், சும்மா உட்கார்ந்து கூலி வாங்க அவர்களுக்குக் கூசியது.

இந்த வாசனை பிடித்து வந்தார் பெரிய லாண்டரிக்காரர். ஊரின் மறுகோடியில் இதைப்போல ஐந்து மடங்கு இடம் வைத்திருப்பவர். வந்தவர் மெஷின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், மாடு பிடிக்க வந்தவர் மாதிரி.

"மூணையும் நான் எடுத்துக்கறேன். ஆளுங்க வேண்டாம், எங்கிட்ட நிறைய இருக்காங்க. வெள்ளிக்கிழமை முன்பணத்தோட வர்றேன்" என்றார்.

கணவர் தலையாட்டிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்று மாதமாகச் சேமிப்பைக் கரைத்துக் கூலி கொடுத்தவர் அவர். மடிப்பக்கா அன்று அழுதாள். ஒளிந்துகொண்டெல்லாம் அழவில்லை. இஸ்திரி மேசையின் முன்னால், எல்லாரும் பார்க்க, தலையணை உறை ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, அந்த உறையை மறுபடி துவைக்கப் போட்டாள்.

அப்போதுதான் புது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தினம் இருநூற்றைம்பது கிலோ விரிப்பும் போர்வையும் துவைக்க ஆள் தேடுகிறார்கள். வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் விலையை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். வெள்ளிக்கு முந்தின நாள் வியாழன். கிடைத்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் மறுநாள் காலை மெஷின்கள் லாரி ஏறும். அவ்வளவுதான் விஷயம், இதில் நடுவில் ஒன்றும் கிடையாது.

வியாழக்கிழமை காலை கணவர் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்.

"இங்க பாரு, உணர்ச்சிவசப்படாமக் கேளு. முந்நூறு கிலோவுக்கு நமக்கு ஒரு நாளைக்கு ஆகுற செலவு ஐயாயிரத்து நூறு. வகுத்துப் பாரு, கிலோவுக்குப் பதினேழு. அந்த லாண்டரிப் பெரிய மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் பதிமூணுக்கு எழுதிக் குடுத்திருக்காராம், அவரே பெருமையாச் சொன்னாரு. பதிமூணுக்கு நாம இறங்கினா கிலோவுக்கு நாலு போகும். இருநூத்தம்பது கிலோவுக்கு ஆயிரம். தினம் ஆயிரம்! கடன் வாங்கித் துவைக்கச் சொல்றியா?"

வகுத்ததில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். தப்பு இருந்தால் சண்டையாவது போடலாம்.

"ஏங்க, நானூறு கிலோ துவைச்சப்போ என்ன செலவு ஆச்சு?"

"ஆறாயிரத்து இருநூறு."

"அப்போ கிலோவுக்குப் பதினஞ்சரை. இப்போ பதினேழு. அதே சோப்பு, அதே டீசல், அதே நாம. எப்படிங்க ஏறுச்சு?"

"துணி குறைஞ்சுது, ஏறுச்சு."

"அப்போ துணி கூடினா இறங்கும்தானே? ஐந்நூத்தம்பது கிலோ துவைச்சா என்ன ஆகும்?"

"துவைச்சாத்தான் தெரியும்" என்றார் அவர். கால்குலேட்டரை மூடி வைத்தார்.

ஆனால் துவைக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி அந்தச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி மேசைக்கு எதிர்ச்சுவரில் மடிப்பக்கா ஒரு பலகை மாட்டியிருந்தாள். லாட்ஜ் வரவேற்பறையில் நோட்டீஸ் குத்துவதற்கு வைத்திருந்த பலகை, அவர்கள் தூக்கிப்போட்டதை இவள் கொண்டுவந்துவிட்டாள். அதன் கீழ்விளிம்பில் தையற்காரர் அளவு டேப் ஒன்றை நீளமாக ஒட்டியிருந்தாள். அங்குலத்துக்குப் பத்துக் கிலோ என்று கணக்கு. இடதுவிளிம்பில் இன்னொரு டேப்பைக் கீழிருந்து மேலாக ஒட்டியிருந்தாள். அதில் அங்குலத்துக்கு இருநூறு ரூபாய் செலவு. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எத்தனை கிலோ துவைத்தோம், கூலி வாடகை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது என்று பார்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு குண்டூசி குத்துவாள்.

இதை அவள் ஆரம்பித்தது படிப்பாளியாக ஆகவேண்டும் என்று அல்ல, சண்டை போடுவதற்குத்தான். சில நாள் சோப்புத்தூள் அதிகமாகச் செலவாகும், யார் கொட்டினார்கள் என்று கேட்டால் ஐந்து பேரும் கூரையைப் பார்ப்பார்கள். குண்டூசிகள் கொஞ்சம் சேர்ந்ததும் அவை எல்லாம் ஒரே வரிசையில் சாய்வாக ஏறுவதைக் கண்டாள். அவற்றை ஒட்டி ஒரு சிவப்பு நூலை இழுத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு எந்த நாளின் ஊசி நூலுக்கு மேலே ஏறுகிறதோ அன்றைக்கு விசாரணை. "நூலைத் தாண்டிடுச்சு, யாரும்மா அது?" என்பாள். பெண்கள் நடுங்குவார்கள்.

அந்த நூலைத்தான் இப்போது அவள் போய்ப் பார்த்தாள். அது பலகையின் இடதுவிளிம்பில் இருபதாம் அங்குலத்தில் தொடங்கி, வலது பக்கம் முப்பத்தொன்றாம் அங்குலம் வரை ஏறியது.

"என்னங்க, இங்க வாங்க!" அவள் போட்ட கூச்சலில் பாய்லர் அறைப் பெண்கூட ஓடிவந்தாள். "நூலு எங்க ஆரம்பிக்குது பாருங்க. இருபதுல. இருபது தடவை இருநூறு, நாலாயிரம். அப்போ ஒரு துணியும் துவைக்காட்டியும் நாலாயிரம் போயிடுது. முந்நூறு கிலோவுக்கு ஐயாயிரத்து நூறு. துணிக்குன்னு போனது வெறும் ஆயிரத்து நூறு. முந்நூறால வகுங்க!"

அவர் வகுத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வகுத்தார்.

"கிலோவுக்கு நாலுகூட ஆகலையே!"

"அதான் சொல்றேன்! வாடகையும் கூலியும் எப்படியும் போகப்போகுது. ஆஸ்பத்திரித் துணிக்கு நாம புதுசாச் செலவழிக்கப்போறது கிலோவுக்கு நாலு. ஒன்பதுக்குக் குடுத்தாலும் அஞ்சு கையில. அவரு பதிமூணு, நான் ஒன்பது. யாரு ஜெயிப்பா சொல்லுங்க!"

அடேயப்பா, அந்தக் கொட்டகையில் அன்று எழுந்த சத்தம்! ஒருத்தி கையில் இருந்த துண்டைச் சுழற்றினாள். மடிப்பக்கா கடைப்பெயர் அச்சடித்த தாளில் ஒன்பது என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். கணவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார், பாய்லர் பார்க்க வந்த காலத்தில் பார்த்த மாதிரி.

நாத்தனார் மட்டும் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவள் எதையும் நிதானமாகக் கேட்பவள், சந்தோஷத்தைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாள்.

"அண்ணி, போன மாசம் குழாய் உடைஞ்சு தண்ணி வரலையே, அன்னைக்கு ஊசி எங்க குத்தினீங்க?"

"அன்னைக்கு ஏதும்மா ஊசி? ஒரு துணிகூடத் துவைக்கலையே."

"துவைக்கலைன்னா சைபர் கிலோ. செலவு இல்லாமலா போச்சு? எங்களுக்கெல்லாம் கூலி குடுத்தீங்கல்ல?"

"குடுக்காம? வாடகை, தவணை எல்லாம்தான் போச்சு."

"நாலாயிரமா போச்சு?"

மடிப்பக்கா மனக்கணக்குப் போட்டாள். நாலாயிரம் போயிருந்தால் அந்தத் தண்ணீர் இல்லாத நாளிலேயே அவர்கள் தெருவில் நின்றிருப்பார்கள். சோப்பு வாங்கவில்லை, டீசல் எரியவில்லை. நாலாயிரத்துக்கு வழியே இல்லை. அப்படியானால் நூல் பொய் சொல்கிறதா? அவள் பலகையின் இடதுவிளிம்பையே வெறித்துப் பார்த்தாள். கீழ்டேப்பின் முதல் எண்ணைப் பார்த்தாள். இருபது என்று போட்டிருந்தது.

"ஐயோ" என்றாள். "ஐயோ, ஐயோ! இந்தப் பலகையில சைபருக்கு இடமே இல்லைங்க!"

முன்பு அவளேதான் டேப்பை வெட்டினாள். பலகையோ சின்னது, டேப்போ நீளம். இருநூறு கிலோவுக்குக் கீழே அவர்கள் எந்த நாளும் துவைத்ததில்லை, அந்த இடத்தில் ஊசியே விழப்போவதில்லை, வீணாக எதற்கு என்று டேப்பின் முதல் இருபது அங்குலத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, இருபதிலிருந்து ஒட்டினாள். துணி மடிக்கிறவள் புத்தி, எதையும் இடத்துக்குத் தகுந்தபடி அடக்கிவிடும். பிறகு வெட்டியதை மறந்து, பலகை தொடங்கும் இடத்தையே துணி தொடங்கும் இடம் என்று எண்ணிவிட்டாள். நாலாயிரம் என்பது சும்மா இருக்கும் நாளின் செலவு அல்ல, இருநூறு கிலோ துவைத்த நாளின் செலவு.

"சைபர் எங்க இருக்கு?" என்றார் கணவர்.

"பலகைக்கு வெளிய. இடப்பக்கம் இன்னும் இருபது அங்குலம் போகணும்."

இடப்பக்கம் தலையணை உறை அடுக்கிய இரும்பு அலமாரி நின்றது. ஐந்து பெண்களும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள், அது தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் இருந்த சுவரில் ஒட்டடையும் கரப்பானும். வெட்டிய டேப் துண்டு எங்கே என்று தேடினால், அதை எடுத்துப் பாய்லர் வால்வின் கைப்பிடியில் சுற்றிக் கட்டியிருந்தார் கணவர் என்ற மகானுபாவர், கை சுடாமல் இருப்பதற்காம். அவிழ்த்து, ஈரத்துணியால் துடைத்து, பலகையின் இருபதோடு துண்டின் இருபதைப் பொருத்தி, சுவரில் இடதுபக்கமாக ஒட்டினார்கள். சைபர் போய் விழுந்த இடத்தில் கணவர் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டார்.

மடிப்பக்கா நூலின் இடதுமுனையை அவிழ்த்தாள். இன்னும் கொஞ்சம் நூலை முடிந்து, அதே சாய்வில், ஊசிகளை ஒட்டியபடியே, பலகையைத் தாண்டிச் சுவர்மேல் இழுத்துக்கொண்டு போனாள். நூல் இறங்கியது, இறங்கியது, சைபர் கோட்டைத் தொட்டது. நாத்தனார் கீழிருந்து இன்னொரு டேப்பால் அளந்தாள்.

"ஒன்பது அங்குலம் அண்ணி."

"ஒன்பது தடவை இருநூறு. ஆயிரத்து எண்ணூறு" என்றாள் மடிப்பக்கா. "இப்போ நீ சொல்லு. தண்ணி வராத அன்னைக்கு என்ன போச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"எங்க அஞ்சு பேரு கூலி ஆயிரம்."

"இருக்கட்டும்."

"வாடகை ஒரு நாளைக்கு நானூறு. மெஷின் தவணை முந்நூறு."

"ஆயிரத்து எழுநூறு ஆச்சு."

"கரண்டு போட்டாலும் போடாட்டியும் கட்டுறது நூறு."

எல்லாரும் விரல்விட்டுக் கூட்டினார்கள், அதே ஆயிரத்து எண்ணூறு. நூல் ஒரு பக்கமாக வந்து சேர்ந்தது, கூலியும் வாடகையும் வேறு பக்கமாக வந்து சேர்ந்தன, இரண்டும் ஒரே இடத்தில் கைகுலுக்கின. மடிப்பக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் கையால் கட்டிய நூல் உண்மை சொல்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு வந்த மகிழ்ச்சி சாதாரணமானது அல்ல. தப்பு நூலில் இல்லை, அதைப் படித்த கண்ணில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. இருநூறு கிலோவுக்கு நாலாயிரம், நானூறு கிலோவுக்கு ஆறாயிரத்து இருநூறு. இருநூறு கிலோ ஏறினால் இரண்டாயிரத்து இருநூறு ஏறுகிறது. அப்படியானால் கிலோவுக்குப் பதினொன்று. கிலோவைப் பதினொன்றால் பெருக்கு, ஆயிரத்து எண்ணூறைக் கூட்டு, அன்றைய செலவு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதை நேர்கோட்டுச் சமன்பாடு என்பார்கள், அங்கே எழுத்துகளைப் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். இங்கே அது குண்டூசியிலும் சிவப்பு நூலிலும் தொங்கியது.

கணவர் சரிபார்க்காமல் விடுவாரா? "முந்நூறைப் போடு" என்றார். மூவாயிரத்து முந்நூறும் ஆயிரத்து எண்ணூறும் ஐயாயிரத்து நூறு. "அடி சக்கை!" என்று தொடையில் தட்டினார்.

பிறகு மடிப்பக்கா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த தாளை எடுத்தாள். பதினொன்று செலவழித்து ஒன்பதுக்குக் கொடுத்திருந்தால், கிலோவுக்கு இரண்டு, தினம் ஐந்நூறு, ஏற்கெனவே போகும் முந்நூறோடு சேர்த்து எண்ணூறு. ஆஸ்பத்திரி கிடைத்த சந்தோஷத்திலேயே கடை மூழ்கிப் போயிருக்கும். தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். நாத்தனாரின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள்.

"நீ மட்டும் வாயத் திறக்கலைன்னா..."

"விடுங்கண்ணி, பெட்டி சூடா இருக்கு, கை சுட்டுக்கப்போறீங்க."

"ஐந்நூத்தம்பது கிலோவை மெஷின் தாங்குமாங்க? புதுசா ஆளு போடணுமா?" என்று மடிப்பக்கா கணவரிடம் கேட்டாள்.

"அறுநூறு வரைக்கும் இதே மூணு மெஷின், இதே ஆளுங்க போதும். பாதி நாள் சும்மாதானே நிக்குது" என்றார் கணவர். கால்குலேட்டரை அவள் பக்கம் தள்ளினார். "ஆனா பதினொன்னுக்கு மேல எவ்வளவு வந்தாப் போதும்?"

"இப்போ தினம் முந்நூறு குறையுது. அதை இந்த இருநூத்தம்பது கிலோதான் சுமக்கணும். கிலோவுக்கு ஒண்ணே கால் வந்தா நாம நிமிர்ந்துருவோம்" என்றாள். "பன்னிரண்டே காலுக்குக் கீழ போகக்கூடாது. அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு காசும் நம்மளது."

மத்தியானம் ஆஸ்பத்திரிச் சரக்கறையில் பினாயில் வாசனை தூக்கியடித்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணியை எல்லாரும் ஸ்டோர் மேடம் என்றார்கள். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர், கீழாகப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். மடிப்பக்கா மாதிரிக்குக் கொண்டுபோயிருந்த விரிப்பை மேசைமேல் வைத்தாள். மேடம் அதைப் பிரித்தார், மூலைகளைப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"துணியில ஒண்ணும் சொல்றதுக்கில்ல. விலை?"

"பதிமூணு மேடம்."

"பெரிய லாண்டரியும் பதிமூணுதான் போட்டிருக்காங்க. நீங்க பத்துன்னு எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

முந்தின மடிப்பக்காவாக இருந்தால் அந்த இடத்திலேயே தலையாட்டியிருப்பாள். எத்தனை மேனேஜர்கள் புருவத்தைச் சுருக்கியே அவளிடம் விலையைக் குறைத்திருக்கிறார்கள்! அடிமட்டம் எது என்று தெரியாதவளுக்கு எல்லாப் படியும் பயம்தான். வீட்டுக்கு வந்து, குறைத்தது சரியா தப்பா என்று பல நாள் தூங்காமல் புரண்டிருக்கிறாள். இன்று அவளுக்குக் காலுக்கு அடியில் தரை இருந்தது.

"பத்துக்கு முடியாது மேடம். சோப்பு, டீசல், தண்ணி, கரண்டு எல்லாம் சேர்த்துத் துணியிலயே எனக்குப் பதினொன்னு போயிடுது. பத்துக்கு நீங்க எவ்வளவு துணி குடுக்குறீங்களோ அவ்வளவு சீக்கிரம் நான் கவிழ்ந்துருவேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் கைக்காசைப் போட்டுத் துவைக்கறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க என்னமோ அளந்து வச்ச மாதிரி சொல்றீங்க."

"அளந்துதான் வச்சிருக்கேன். டேப் வச்சு அளந்தேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "சரி, பன்னிரண்டு. கடைசி."

"பன்னிரண்டுக்குத் துவைச்சாலும் தினம் அம்பது அம்பதாக் கரைஞ்சு, ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமக் கடையைப் பூட்டிருவேன். அன்னைக்குக் காலையில உங்க கட்டிலுக்கெல்லாம் விரிப்பு இருக்காது. எனக்கும் அவமானம், உங்களுக்கும் தலைவலி. பன்னிரண்டே முக்கால். வருஷம் பூரா ஒரு நாள் தவறாது."

சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். மிரட்டுவதற்காக எழவில்லை, அதற்குக் கீழே பேச ஒன்றும் இல்லை என்பதால் எழுந்தாள். விலை பேசுகிற இடத்தில் தானாக எழுந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விரிப்பை மறுபடி நாலு மூலையும் சேர்த்து மடிக்க ஆரம்பித்தாள். அவள் மடிப்பதையே மேடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா" என்றார் கடைசியில். "பேனா இருக்கா, நான் தரட்டுமா?"

வீதியில் இறங்கியதும் மடிப்பக்கா ஓடினாள். ஆமாம், நல்லது கெட்டது பார்த்து நடக்கிற வயதில், பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஓடினாள். கொட்டகை வாசலில் கணவர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டார்.

"எவ்வளவு?"

"பன்னிரண்டே முக்கால்!"

அவர் உள்ளே போய் போனை எடுத்துப் பெரிய லாண்டரிக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு நீங்க வர வேண்டாம். மெஷின் விக்கறதில்ல... ஆமா. எங்க வீட்டுக்காரம்மா கடைண்ணே, அவங்க குடுக்கமாட்டேங்கறாங்க" என்றார். மடிப்பக்கா அதைக் கேட்டுவிட்டாள். கேட்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் முட்டியது.

ஆஸ்பத்திரித் துணி வர ஆரம்பித்ததும் மெஷின்கள் காலையிலிருந்து மூச்சுவிடாமல் உருண்டன. பெண்கள் யாரும் மடித்ததைப் பிரித்து மடிக்கவில்லை. முதல் நாள் மத்தியானம் கணவர் வெளியே போய், எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் வாங்கியதே இல்லை. "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று தங்கைக்காரி கேட்டாள்.

சாயங்காலம் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். மொத்தம் ஐந்நூற்று அறுபது கிலோ. பலகையில் அதற்கு இடமே இல்லை, வலப்பக்கச் சுவரிலும் நூல் போயாக வேண்டும். மடிப்பக்கா கணக்குச் சொன்னாள்: ஆறாயிரத்து நூற்று அறுபது, கூட ஆயிரத்து எண்ணூறு, ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது வரவேண்டும். கணவர் சோப்பு, டீசல், கரண்டு மீட்டர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டி முடித்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"எட்டாயிரத்துப் பத்து. அம்பது கூட வருதே."

மடிப்பக்கா அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவள் உதடு கோணியது, தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு பீறிட்டது.

"என்னங்க, அந்த அம்பது நீங்க வாங்கிக் குடுத்த டீயும் பன்னும்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கணவரும் வெட்கத்தோடு சிரித்தார். "அப்போ அதைக் கழிச்சிடு. நூலு சரியாத்தான் இருக்கு."

"எதுக்குக் கழிக்கணும்?" என்றாள் மடிப்பக்கா. "அம்பது போனாலும் நமக்கு மிச்சம் இருக்கு. தினமும் வாங்கலாம்."

"தினமும்னா அதை எதோட சேர்க்கறதுண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். "கிலோவுக்குப் பதினொன்னோடவா, ஆயிரத்து எண்ணூறோடவா?"

மடிப்பக்கா ஐந்து பேர் முகத்தையும் பார்த்தாள். சுவரில் சைபர் கோட்டுக்குப் போய், நூலின் முனையை அவிழ்த்து, கால் அங்குலம் உயர்த்திக் கட்டினாள். மறுமுனையையும் அதே கால் அங்குலம் உயர்த்தினாள்.

"ஆயிரத்து எண்ணூத்தம்பது" என்றாள். "துணி வந்தாலும் வராட்டியும் உங்களுக்கு டீ உண்டு."